மழைநீருக்கு விட்ட வழி: சன்ரூஃபின் கதை

காரின் கூரையில் வெயிலுக்கும் காற்றுக்குமாகத் திறந்து மூடப்படும் பலகை, அதாவது இன்று சன்ரூஃப் என வழங்கும் அமைப்பு, முழுதும் மூடிய கார்கள் ஐரோப்பாவில் பெருகத் தொடங்கிய 1920களில் உருப்பெற்றது. அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை துணிக்கூரையை மடக்கிவிடக் கூடியவையாக இருந்தமையால், நிலையான கூரையின்கீழ் அமர நேர்ந்த பயணிகளுக்கு இழந்த வெளிச்சத்தை ஓரளவேனும் மீட்டுத் தருவதே இதன் நோக்கமாயிற்று. இங்கிலாந்தில் பிச்லி என்ற பெயரில் விற்பனையான நகரும் கூரையும், மியூனிக் நகரை அடுத்த ஸ்டோக்டோர்ஃபில் இயங்கிய வெபாஸ்டோ நிறுவனம் 1932இல் வெளியிட்ட மடிப்புக் கூரையும் இத்துறையின் முன்னோடிகள். அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1937இல் இதனைத் தன் கார்களில் அளித்தது.

கூரையில் திறப்பு வைத்த அன்றே ஒழுகலும் உடன் வந்தது. ஓடும்போது உடல் முழுதும் அதிரும் ஒரு வண்டியில், அடிக்கடி நகர்த்தப்படும் பலகையின் நான்கு விளிம்புகளையும் நீர் புகாதபடி ரப்பரால் அடைத்துவிடலாம் என்று நம்பியவர்கள் ஏமாந்தனர். 1930களின் ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில், ஒழுகல் தாளாத உரிமையாளர்கள் கூரைப்பலகையை நிரந்தரமாக ஒட்டி மூடிவிட்டதைப் பழைய கார்களைப் புதுப்பிப்போர் இன்றும் காண்கின்றனர்.

நிலைத்த தீர்வு, நீரைத் தடுப்பதைக் கைவிட்டு அதற்கு வழிவிடுவதில் அமைந்தது. மழையை வீட்டுக்குள்ளேயே விழவிட்டுத் தூம்பின் வழியே வெளியேற்றும் முற்றத்தைப் போல, சன்ரூஃபின் திறப்பைச் சுற்றிப் பலகைக்கு அடியில் தகட்டாலான வாய்க்கால் ஒன்று அமைக்கப்பட்டது. ரப்பர் பட்டியைத் தாண்டி வரும் நீர் அதில் சேர்ந்து, மூலைகளில் பொருத்திய மெல்லிய வடிகுழாய்களுக்குள் இறங்கும்; முன்மூலைக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள்ளும், பின்மூலைக் குழாய்கள் பின்புறத் தூண்களுக்குள்ளும் மறைவாகச் சென்று காரின் கீழ்ப்பகுதியில் வெளியே திறக்கும். ஆகவே இவ்வகைச் சன்ரூஃபில் ரப்பர் பட்டியின் வேலை நீரின் பெரும்பகுதியைத் தடுப்பது மட்டுமே. மிஞ்சியதைக் குழாய்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அறியாத பழுதுபார்ப்புதான் பல நல்ல கார்களைக் கெடுத்தது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் கார் எனலாம். 1950இல் அதற்குக் கிடைத்த துணி மடிப்புக் கூரை, ஜெர்மானிய நிறுவனமான கோல்டேயின் தயாரிப்பு; பெரிய திறப்பைக் கொண்டது, ஆனால் துணி ஆண்டுக்காண்டு சுருங்கி விளிம்பை விட்டு விலகக் கூடியது. 1964ஆம் ஆண்டு மாடலில் அதன் இடத்தைக் கைப்பிடியைச் சுழற்றித் திறக்கும் எஃகுப் பலகை பிடித்தது. திறப்பு சிறுத்ததில் சிலருக்கு வருத்தம் இருந்தபோதிலும், சுருங்காத பலகையும் அதனடியில் வடிகாலும் கொண்ட இவ்வமைப்பே பின்னாளில் ஐரோப்பியக் கார்களின் பொது வழக்காயிற்று.

அமெரிக்காவில் சன்ரூஃபைப் பரப்பியவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஹைன்ஸ் பிரெக்டர். அவர் 1965இல் தொடங்கிய அமெரிக்கன் சன்ரூஃப் நிறுவனம், விபத்துப் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் திறந்த கார்கள் அருகி வந்த காலத்தில் வளர்ந்தது. அதே காலத்தில் கூரையை வெட்டிக் கண்ணாடிப் பலகை பதிக்கும் சிறு பட்டறைகளும் பெருகின. அவை பதித்தவற்றுள் பல வடிகுழாயே இன்றி ரப்பரை மட்டும் நம்பியவை என்பதால், ரப்பர் இறுகியதும் அவை ஒழுகியதில் வியப்பில்லை.

வடிகால் உள்ள பழைய காரில் பிரேக் பிடித்தவுடன் ஓட்டுநரின் தலையில் நீர் கொட்டினால், முன்குழாய் அடைபட்டு வாய்க்காலில் நீர் தேங்கியிருப்பதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். கூரை உலர்ந்திருக்கக் கால்வைக்கும் இடத்துக் கம்பளம் மட்டும் நனைந்தால், குழாய் வழியில் பிளந்தோ இணைப்பிலிருந்து கழன்றோ போயிருக்கக் கூடும். வாய்க்காலில் சிறிது நீரை ஊற்றி அது காரின் அடியில் எங்கே, எவ்வளவு விரைவாக வெளிவருகிறது என்று பார்ப்பதே எளிய சோதனை. இலைத்துகள், புழுதி, பாலிஷ் மெழுகு ஆகியவற்றால் ஆன அடைப்பை முனை மழுங்கிய நைலான் இழையை மெல்லச் செலுத்தி நீக்க வேண்டும். அழுத்தமான காற்றைச் செலுத்தினால், வயதாகி இறுகிய குழாய் தூணுக்குள்ளேயே கழன்று, இருந்ததைவிடப் பெரிய வேலையை வைத்துவிடும்.

பலகையைச் சுற்றிப் பசை பூசி அடைப்பது எல்லாவற்றினும் மோசமான வழி. பசையின் விரிசல்களில் புகும் நீர் வெளியேற வழியின்றித் தங்கி, வாய்க்கால் தகட்டைத் துருவாக்கி அரித்துவிடுகிறது. ரப்பர் பட்டியைப் புதிதாக வாங்கி மாற்றிவிடலாம். அரித்துப்போன தகட்டை மாற்றுவதற்கோ, பல கார்களில் கூரையின் உட்துணியை முழுதும் கழற்ற வேண்டும். அத்துணியின் ஓரம் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கும் பீட்டில் போன்றவற்றில் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் வெளியே எடுத்த பிறகே அந்த வேலை தொடங்கும்.