தாழியும் புரவியும்

புறநானூற்றின் 256ஆம் பாடல், கணவனை வழியிடையே இழந்த ஒருத்தியின் கூற்று. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு நெடுவழி வந்த பல்லியைப் போலத் தானும் அவனோடு வந்தவள் என்கிறாள். அவனுக்கென வனையும் ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தரும்படி குயவனை வேண்டுகிறாள். இப்பாடலின் அவலம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அவள் கேட்டது மண்தொழிலில் எத்துணை அரிய செயல் என்பது அத்துணை பேசப்படவில்லை.

குளத்து மண் அப்படியே கலமாகிவிடுவதில்லை. வெட்டியெடுத்த மண்ணை உலர்த்தி, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைத்துக் காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். வெறுங்களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். மணல் சேர்த்தால்தான் சுருக்கம் அடங்கும். மணல் மிகுந்தாலோ மண் கைக்கு வளையாது. இந்த அளவை எந்த நூலும் குயவருக்குச் சொல்லித் தந்ததில்லை, விரல்களே அறிந்தவை.

சிறு கலம் சக்கரத்தில் எழும். தமிழகக் குயவர் பானையின் வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் வனைந்து, அடி மூடாத நிலையிலேயே அறுத்தெடுப்பர். சற்று இறுகியபின் உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை மூடுவர். பானையின் வயிறு திரள்வது சக்கரத்தினும் இத்தட்டலினாலேயே.

பெருந்தாழியை இவ்வாறு ஒரே மூச்சில் வனைந்துவிட இயலாது. ஈரமண் தன் எடையைத் தானே தாங்காது சரிந்துவிடும். கீழ்ப்பகுதி சற்று இறுகும் வரை காத்திருந்து, விளிம்பை மட்டும் ஈரம் உலராமல் காத்து, அதன்மேல் அடுத்த மண்சுற்றை ஏற்ற வேண்டும். அகலம் கூடக் கூடச் சுவரின் கனமும் கூடும்; கனம் கூடினால் உலரும் நாளும் நீளும். உட்புறம் ஈரம் எஞ்சியிருக்கச் சூளையில் வைத்தால் நீராவி கலத்தைப் பிளந்துவிடும். வெம்மை ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டும்போது மண்ணோடு பிணைந்திருந்த நீரும் நீங்கி, மீண்டும் குழையாத வேறொரு பொருளாக அது மாறிவிடும். பாடலில் வரும் பெண் குயவனிடம் கேட்டது ஒரு சொல்லளவு அகலம்தான். அச்சொல் அவனுக்குப் பல நாள் உழைப்பு. பிளந்தால் முதலிலிருந்து மற்றொரு தாழி.

இத்தகைய தாழிகளைப் பொருநை ஆற்றங்கரை ஆதிச்சநல்லூரில் இன்றும் காணலாம். 1876இல் யாகர் என்னும் செருமானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் இரீயும் அவ்விடுகாட்டைத் தோண்டினர். 2004இல் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தபோது, கால் மடக்கிய நிலையில் முழு எலும்புக்கூடுகளைக் கொண்ட தாழிகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்கள் சூளை நுட்பத்துக்குச் சான்று. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கருக்கும். தீயும் காற்றும் படும் வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பினால் சிவக்கும். வண்ணம் பூசாமலே ஒரே மண்ணில் பெற்ற இரு நிறம் அது.

குயவனின் தொழிலைப் புலவர் தொலைவிலிருந்து பார்த்தவரல்லர். கோவூர் கிழார், சக்கரத்தில் வைத்த பசுமண் வேட்கோச் சிறுவர் கருதிய வடிவெல்லாம் கொள்வதைக் கண்டு, நலங்கிள்ளியின் கருத்துக்கேற்ப நாடு அமைவதற்கு அதனை உவமையாக்கினார் (புறம் 32). கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை நோக்கியே பேசினார்: சூளைப்புகை இருளெனத் திரளும் ஊரின் குயவனே, இம்மன்னனுக்கு ஏற்ற தாழி செய்ய நிலமே சக்கரமாக, பெருமலையே மண்ணாக வேண்டுமே, உன்னால் ஆகுமோ என்கிறார் (புறம் 228). மிகையெனினும் தொழிலறிந்தவர் மிகை.

தாழி வழக்கொழிந்தது. ஆயின் பெருங்கலம் எழுப்பும் கைத்திறன் அதனோடு அழிந்துவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் அய்யனாருக்கு எடுக்கும் மண்புரவிகளைச் சிற்பம் என்கிறோம். செய்முறையை நோக்கின் புரவியும் ஒரு கலமே. கால்கள் நான்கும் உள்ளீடற்ற நான்கு குழல்கள். அவற்றின்மேல் மண்சுற்றுகளை அடுக்கித் தட்டி எழுப்பிய வயிறு ஒரு பெரும்பானை. மணலோடு உமியும் மண்ணில் சேரும். சூளையில் உமி எரிந்து விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியே ஆவி வெளியேறும். உடலிலும் துளை விடுவர். கெட்டியாகச் செய்த மண்ணுருவம் தீயில் நிற்காது என்னும் பழைய விதியே இங்கும் ஆள்கிறது. ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் தொழிலைத் தொடங்குவர். புரவியெடுப்பு நாளில் கண் திறந்தபின் அது வழிபாட்டுக்குரியதாகும். பல ஊர்களில் வேளாரே அய்யனாருக்குப் பூசையும் செய்கின்றனர். இவர்களைக் கைவினைஞர் என்ற ஒரு சொல்லில் அடக்குவது பொருந்தாது. சிமெண்டுப் புரவிகள் பல கோயில்களில் இடம்பிடித்துவிட்டன. அவற்றுக்குப் பிடிமண்ணும் வேண்டா, சூளையும் வேண்டா.

புறப்பாடல்கள் இரண்டிலும் குயவன் விளிக்கப்படுகிறான், மறுமொழி சொல்வதில்லை. அகலத் தாழி வனைந்தானா என்பதும் தெரியவில்லை. அக்குலத்தின் குரலென்று ஒன்று அந்நூலிலேயே உண்டு. கரிகாலன் வென்ற வெண்ணிப் பறந்தலையைச் சார்ந்த ஊரினரான வெண்ணிக் குயத்தியார் பாடியது 66ஆம் பாடல். வென்றவனை முன்னிறுத்தி, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லனல்லனோ என்று கேட்கும் துணிவு அவருடையது. கடலையும் கலத்தையும் காற்றையும் அவர் பாடுகிறார், அக்கலம் மரக்கலம். மண்ணும் திகிரியும் அப்பாடலில் இல்லை.