கேம்பர் வேன் ரெடி பண்றீங்களா? வயரை இழுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

பழைய டெம்போ டிராவலரோ, ஓம்னியோ ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், சின்ன அடுப்படி, மேலே சோலார் பேனல்... வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு.

ஆனால் கட்டிலுக்கும் கர்ட்டனுக்கும் யோசிக்கும் அளவுக்கு கரண்டுக்கு யாரும் யோசிப்பதில்லை. "ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், அவ்ளோதானே?" என்று கடைசியில் மாட்டிக்கொள்ளலாம் என விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முதலில் போட வேண்டிய பிளான் இதுதான். காரணம், இங்கே தப்பு நடந்தால் லைட் அணைவதோடு முடியாது.

வடகரையில் நடந்தது என்ன?

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் 2 பேர் சடலமாகக் கிடந்தனர். இருவரும் அந்த வண்டியின் ஊழியர்கள். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்திருந்தார்கள்.

பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது: கார்பன் மோனாக்சைடு. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தபோது, தரையில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியது தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம் என அறிகுறி தெரியும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

'ராத்திரி முழுக்க ஏசி ஓட கரண்ட் எங்கிருந்து வரும்?' இந்த ஒரு கேள்விக்கு வண்டி கட்டும்போதே சரியான பதில் இருக்க வேண்டும் என்பதுதான் வடகரை சொல்லும் பாடம்.

எங்கே போறீங்க, எத்தனை ராத்திரி?

பிளான் இங்கிருந்துதான் தொடங்கும். உதாரணத்துக்கு தருமபுரி மாவட்டம் ஏரியூர் பக்கம் ஒரு பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு, பென்னாகரம் வழியாக ஏரியூர் வந்து, நாகமரை பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிக் கரையில் 2 ராத்திரி தங்குவது திட்டம். எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் ஏற இறங்க கரையும் நகரும். அதனால் தண்ணீர் பக்கத்தில் நிறுத்துகிற இடத்தில் பிளக் பாயின்ட்டை எதிர்பார்க்க முடியாது. வண்டியில் இருக்கும் கரண்ட்தான் கரண்ட். கோடையில் வெயிலும் கடுமை. ஃபேன் இல்லாமல் தூங்க முடியாது.

லாட்ஜில் தங்கி, பகலில் மட்டும் வண்டியில் சுற்றுபவருக்கு இந்தப் பிளான் தேவையில்லை. அவருக்குச் சின்ன பேட்டரியே போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட்?

வீட்டு இபி பில்லில் வரும் 1 யூனிட் என்பது 1,000 வாட் ஹவர். அதே கணக்குதான் இங்கேயும். ஒரு பொருள் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று பெருக்கினால் போதும். 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு தோராயக் கணக்கு:

• எல்இடி லைட் 4 (தலா 5 வாட்), 5 மணி நேரம்: 100 வாட் ஹவர்
• 12 வோல்ட் ஃபேன் 2 (தலா 15 வாட்), 10 மணி நேரம்: 300
• 12 வோல்ட் சின்ன ஃபிரிட்ஜ் (45 வாட், பாதி நேரம் கம்ப்ரஸர் ஓடும்), 24 மணி நேரம்: 540
• செல்போன், லேப்டாப் சார்ஜ்: 120
• தண்ணீர் பம்ப் (60 வாட்), 20 நிமிடம்: 20
• மிக்ஸி (500 வாட்), சுமார் 6 நிமிடம், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து: 60

மொத்தம் 1,140 வாட் ஹவர். கூடுதல் தேவைக்கு 20 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,370. அதாவது, ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. இதில் அதிகம் சாப்பிடுவது மிக்ஸி அல்ல, ஃபிரிட்ஜ். வாட் குறைவு என்றாலும் நாள் முழுக்க ஓடுவதுதான் காரணம்.

ஏசி வேணுமா, வேண்டாமா?

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 8 மணி நேரத் தூக்கத்துக்கு 4,800 வாட் ஹவர். மேலே பார்த்த குடும்பத்தின் முழு நாள் தேவையைப் போல மூன்றரை மடங்கு!

இதற்கு மட்டும் பேட்டரி 3 மடங்குக்கு மேல் பெருக வேண்டும். வேன் கூரை முழுக்க பேனல் அடுக்க வேண்டும். செலவைப் பார்த்ததும் "ஒரு ஜெனரேட்டர் வச்சிக்கலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆபத்து ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

ஏசி கட்டாயம் வேண்டும் என்றால், பிளக் பாயின்ட் உள்ள கேரவன் பார்க், ரிசார்ட் மாதிரி இடங்களில் மட்டும் போடுவது என்று முடிவெடுப்பது நல்லது. மற்ற இடங்களில் ஃபேன், கொசுவலை போட்ட ஜன்னல், கூரையில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். நதிக்கரையில் ராத்திரிக்கு இது பெரும்பாலும் போதும்.

எந்த பேட்டரி, எவ்வளவு?

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பயன்படுத்தும் டியூபுலர் பேட்டரி விலை குறைவு. ஆனால் அதை 50 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். 1,370 வாட் ஹவர் எடுக்க வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் சுமார் 230 ஆம்பியர் ஹவர், அதாவது 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி 2 வேண்டும். ஒன்றே 50 கிலோவுக்கு மேல் கனக்கும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். தூங்கும் அறைக்குள் வைக்கவே கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 150 ஆம்பியர் ஹவர் ஒன்றே போதும். எடை 20 கிலோவுக்குள் அடங்கும். முதல் செலவு அதிகம், உழைப்பும் அதிகம். பிஎம்எஸ் எனப்படும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும், வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் மாட்டக் கூடாது. காலையில் வண்டி கிளம்பாமல் நாகமரைக் கரையில் நிற்க வேண்டியதுதான்.

சார்ஜ் எங்கிருந்து வரும்?

சோலார்: நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில், அதில் 75 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால், 400 வாட் பேனல் 1,500 வாட் ஹவர் தரும். ஒரு நாள் தேவை சரியாகிவிடும். ஆனால் ஒரு சிக்கல். வெயிலுக்குப் பயந்து வண்டியைப் புளியமரத்து நிழலில் நிறுத்தினால் கூரை பேனலும் நிழலில்தான் நிற்கும். பாதி பேனலைக் கூரையிலும், மீதியை நீள வயரோடு கழற்றி வெயிலில் வைக்கிற மாதிரியும் பிளான் செய்தால் இரண்டும் கிடைக்கும்.

ஓடும் வண்டி: இன்ஜின் ஆல்டர்னேட்டரில் இருந்தும் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் பல பிஎஸ்6 வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெறும் ரிலே போட்டு இணைத்தால் வேலைக்கு ஆகாது. டிசி-டிசி சார்ஜர் அவசியம். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், 2 மணி நேர ஓட்டத்தில் சுமார் 700 வாட் ஹவர், அதாவது அரை நாள் கரண்ட் ஏறிவிடும்.

வெளி கரண்ட்: 230 வோல்ட் பிளக்கில் இருந்து எடுக்கும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எம்சிபி இரண்டும் கட்டாயம். உலோகக் கூட்டுக்குள் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. வண்டியின் பாடி எர்த்தோடு இணைக்கப்பட வேண்டும். இன்வெர்ட்டர் கரண்டும் வெளி கரண்டும் ஒன்றோடு ஒன்று சேராமல் இருக்க சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும்.

வயர், ஃபியூஸ்: தீ பிடிப்பது இங்கேதான்

வீட்டு வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன்கூட சறுக்கும் இடம் இது. 1,000 வாட் பொருள் 230 வோல்ட்டில் 4 ஆம்பியர்தான் எடுக்கும். அதே பொருளுக்காக 12 வோல்ட் பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் வயரில் 90 ஆம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய வயர் சூடாகி உருகிவிடும். இங்கே 25 முதல் 35 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் தேவை. நீளமும் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும்.

சின்ன லோடுக்கும் கணக்கு உண்டு. 5 ஆம்பியர் எடுக்கும் ஃபிரிட்ஜ் பேட்டரியில் இருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் வயர். வீட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃபிரிட்ஜ் அடிக்கடி ஆஃப் ஆகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.25 வோல்ட்தான். 12 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள் இழப்பு இருப்பது நல்லது.

ஃபியூஸ் பொருளைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் வயர் தாங்கும் அளவுக்குள்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும். மெயின் ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டி எங்கே ஷார்ட் ஆனாலும் அது அறுத்துவிடும். வண்டி குலுங்கும் என்பதால் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், பல இழை வயர்தான் சரி. தகட்டில் துளை போட்டு வயரை விடும் இடத்தில் ரப்பர் வாஷர் கட்டாயம்.

எதை எங்கே வைப்பது?

• பேட்டரி: சக்கர அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக, பெல்ட் போட்டு இறுக்கி. இன்ஜின் சூடு படும் இடத்திலும், வெயில் நேராக அடிக்கும் தகட்டை ஒட்டியும் வேண்டாம். அதிக சூட்டில் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது.
• இன்வெர்ட்டர்: பேட்டரிக்குப் பக்கத்தில், காற்றோட்டம் உள்ள இடத்தில்.
• கேஸ் சிலிண்டர்: பேட்டரி, இன்வெர்ட்டர் இருக்கும் அலமாரியில் கூடவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். ஒரு பொறி போதும்.
• மெயின் ஆஃப் சுவிட்ச்: கதவைத் திறந்ததும் கை எட்டும் இடத்தில்.
• கார்பன் மோனாக்சைடு அலாரம்: படுக்கைக்குப் பக்கத்தில், தலை உயரத்தில்.

ஜெனரேட்டர் வச்சே ஆகணும்னா?

வண்டிக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி, புகை வண்டியைப் பார்க்காத மாதிரி வைக்க வேண்டும். வண்டியிலேயே பொருத்துவதென்றால் அந்த அறைக்கும் உட்பகுதிக்கும் இடையே ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. எப்படி வைத்தாலும், அது ஓடும்போது யாரும் தூங்கக் கூடாது. பகலில் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு அணைத்துவிடலாம். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு.

ஆர்டிஓ என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, வண்டியின் தயாரிப்பு விவரத்துக்கு மாறாக மாற்றம் செய்ய முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தனித் தர விதியும் இருக்கிறது. அதனால் சீட்டைக் கழற்றும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. அனுமதி இல்லாத வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

சுருக்கமா சொன்னா...

பொருள் வாங்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரையுங்கள். எந்தப் பொருள் எங்கே, எத்தனை வாட், எத்தனை மீட்டர் வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று குறியுங்கள். முடிந்ததும் பேட்டரி அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தத் தாளை ஒட்டிவிடுங்கள். ராத்திரி எங்கேயோ ஒரு லைட் அணைந்தால், பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தாலும் அவருக்குப் புரியும். முக்கியமாக, ராத்திரி தூங்கும்போது வண்டியில் எந்த இன்ஜினும் ஓடாத மாதிரி கரண்ட் கணக்கு முடிந்திருக்க வேண்டும். கணக்கு இடித்தால், ஏசியை விட்டுவிடுங்கள்.