எது வெளிப்படை? – அரங்கேற்ற மண்டபத்திலிருந்து நிறமறியும் எந்திரம் வரை

திருவரங்கம் பெரிய கோயிலில், தாயார் சந்நிதிக்கு எதிரே, மேட்டழகிய சிங்கர் சந்நிதியின் முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றிய இடம் என்று அதைக் காட்டுவார்கள். கம்பரின் காலம் 9ஆம் நூற்றாண்டு என்பாரும் 12ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். அரங்கேற்றத்தைப் பற்றி நம்மிடம் இருப்பதோ செவிவழிக் கதைதான். ஆனால் அந்தக் கதை சுவையானது. இரணியன் வதையைக் கம்பர் பாடியபோது அவையிலிருந்த புலவர்கள் தடை எழுப்பினார்களாம். வான்மீகத்தில் இந்தப் படலம் இல்லையே, இதை எப்படிச் சேர்க்கலாம் என்பது அவர்கள் கேள்வி. கம்பர் தொடர்ந்து பாடினார். மேட்டிலிருந்த சிங்கப்பெருமாள் சிரித்துத் தலையசைத்து ஏற்றார் என்று கதை முடிகிறது.

பக்தியை ஒரு கணம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது ஒரு விசாரணை. முன்னால் ஒரு நூல் இருக்கிறது. அதை அறிந்த வல்லுநர்கள் அவையில் இருக்கிறார்கள். புதிதாக ஒருவர் ஒன்றைக் கொண்டுவருகிறார். முன்னதில் இருந்து இது எவ்வளவு விலகியது, அந்த விலகலுக்கு மதிப்பு உண்டா என்று அவை கேட்கிறது. பேட்டன்ட் எனப்படும் காப்புரிமைச் சட்டம் உலகெங்கும் ஒவ்வொரு நாளும் நடத்துவது இதே விசாரணையைத்தான். ஒரு வேறுபாடு, அங்கே தலையசைக்கத் தெய்வம் இல்லை.

காப்புரிமைக்கு ஒரு பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடாது. நேற்றுவரை யாரும் செய்யாதது புதுமை. ஆனால் கேட்டிருந்தால் எவரும் செய்திருக்கக்கூடியது வெளிப்படை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டை எப்படி வரைவது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

இந்தியாவில் இதன் வரலாறு 1856ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. அவ்வாண்டு கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்பவர் பங்கா இழுக்கும் எந்திரம் ஒன்றுக்கு உரிமை கோரினார். 1911இல் வேறொரு சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். ராஜகோபால ஐயங்கார் இச்சட்டத்தைத் திருத்துவது குறித்து ஆராய்ந்து 1959இல் ஓர் அறிக்கை அளித்தார். நம் நாட்டுத் தேவை எது, அயல்நாட்டார் இங்கே உரிமை பெற்றுவிட்டு அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதால் விளையும் கேடு எது என்று விரிவாகப் பேசிய ஆவணம் அது. அதன் அடித்தளத்தில் எழுந்ததே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1972இல் நடைமுறைக்கு வந்தது.

வெளிப்படை என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது 1978 டிசம்பரில். வழக்கு ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றியதன்று. மிர்சாபூரின் பாத்திரக்காரர்களைப் பற்றியது. பித்தளைப் பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பொருத்தித் தேய்க்கும்போது அது கழன்று பறந்து தொழிலாளியைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் உரிமை பெற்றிருந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற நிறுவனம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. பட்டறையில் பழகியவர் தம் அனுபவத்தால் செய்துகொள்ளும் சிறு மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அதன் சாரம். அன்று கிடைத்த பொது அறிவோடு, தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அந்தச் சிக்கலை எதிர்கொண்டிருந்தால் இந்த வழி அவருக்குத் தட்டுப்பட்டிருக்குமா என்று கேட்க வேண்டும். இன்றைய அறிவோடு கேட்கக் கூடாது.

அந்த 'அன்று' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றம் அதை உணர்ந்த வழக்கு ஒன்றுண்டு. ஒரே சிலிண்டரில் இரண்டு தீப்பொறிச் செருகிகளை வைத்த எஞ்சினுக்கு பஜாஜ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. டிவிஎஸ் நிறுவனம் 2007இல் ஃப்ளேம் என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவர முனைந்தபோது வழக்கு மூண்டது. இரட்டைச் செருகி முன்பே உலகம் அறிந்ததுதான் என்றது ஒரு தரப்பு. சிறிய எஞ்சினில் அதைப் பொருத்திப் பயன் கண்டது நாங்களே என்றது மறு தரப்பு. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். 2009இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், விற்பனைக்கு அனுமதியும் விசாரணையை விரைந்து முடிக்க அறிவுரையும் பெற்றுத் திரும்பியது. ஈற்றில் 2019இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. அது வெளிப்படையா இல்லையா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. கற்றறிந்த நீதிபதிகளே ஒரே ஆவணங்களைப் படித்து வேறு வேறு முடிவுக்கு வர முடியும் என்பதே அதில் நமக்கான பாடம்.

எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத கணக்கை என்ன செய்வது? நம் காலத்தில் இக்கேள்வி, நிறப்படங்களைக் கையாளும் நியூரல் நெட்வொர்க்குகளில் வந்து நிற்கிறது. அதை ஆராய மண்டபத்தைவிட்டு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இதே தீவின் கிழக்கே திருவானைக்காவல் இருக்கிறது. 1888 நவம்பர் 7ஆம் நாள் சி. வி. ராமன் அங்கே பிறந்தார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்ற அவர், முதுமையில் நிறத்தைக் கண் எவ்வாறு காண்கிறது என்ற ஆராய்ச்சியில் மூழ்கி, 1968இல் பார்வையின் உடலியல் குறித்து ஒரு நூலே வெளியிட்டார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

அதில் அவர் மறுத்தது, 1802இல் தாமஸ் யங் முன்வைத்துப் பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வளர்த்த மூவண்ணக் கொள்கையை. கண்ணில் மூன்று வகை உணர்விகள் உண்டு, அவற்றின் கலவையே எல்லா நிறமும் என்பது அக்கொள்கை. 1861இல் மேக்ஸ்வெல் மூன்று வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களை ஒன்றாக்கி நிறப்படம் காட்டியதும் அதன் அடிப்படையில்தான். 1964இல் விழித்திரைக் கூம்பணுக்களை அளந்த ஆய்வுகளும் மூன்று வகைகளையே காட்டின. ராமன் அப்போதும் ஒப்பவில்லை. அறிவுலகம் அவர் பக்கம் நிற்கவுமில்லை. ஆனால் ஒன்றை நாம் குறித்துக்கொள்வோம்: ஒரு துறையில் எல்லாரும் ஒரே வழியில் எண்ணும்போது வேறு வழியில் எண்ணுபவர் எப்படித் தென்படுவார் என்பதற்கு அந்த முதியவரின் பிடிவாதம் ஓர் அடையாளம்.

மூன்று என்ற எண் எந்திரங்களிலும் குடியேறியது. 1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் பெற்ற காப்புரிமையின்படி, கேமரா உணரியின் புள்ளிகளில் பாதி பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் பார்க்கும். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசிக் கேமராக்களில் பெரும்பாலானவை இம்முறையின் வழித்தோன்றல்களே. ஒரு நிறப்புள்ளி என்றால் மூன்று எண்கள்.

இனி மறுபக்கம். நரம்பணுவைக் கணக்காக்கும் முயற்சி 1943இல் மெக்கலக், பிட்ஸ் இருவரிடம் தொடங்கியது. 1958இல் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான், 1980இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவின் நியோகாக்னிட்ரான், 1989இல் யான் லெகுன் குழுவினரின் கையெழுத்து எண்களைப் படிக்கும் வலைப்பின்னல் என அது வளர்ந்தது. லெகுனின் படங்கள் கறுப்பு வெள்ளை. புள்ளிக்கு ஓர் எண்தான். 2012இல் வந்த அலெக்ஸ்நெட் நிறப்படங்களை நேரே எடுத்துக்கொண்டது. அதன் முதல் அடுக்கின் சல்லடைகள் 11க்கு 11 அளவின; ஆழம் 3. பயிற்சி முடிந்தபின் பார்த்தால் அவற்றில் ஒரு பாதி பெரும்பாலும் நிறத்தைப் பொருட்படுத்தாமல் கோடுகளையும், மறுபாதி பெரும்பாலும் நிறங்களையும் கவனிக்கப் பழகியிருந்தன. அப்படிப் பிரித்துக்கொள்ளும்படி யாரும் கட்டளையிடவில்லை.

இப்போது நாமே அவையில் அமர்வோம். ஒருவர் வந்து, கறுப்பு வெள்ளைக்கு இருந்த வலைப்பின்னலை மூன்று நிறத்துக்கும் மூன்று முறை இயக்குகிறேன், உரிமை தாருங்கள் என்கிறார். மூன்று என்ற எண்ணை யங் முதல் பேயர் வரை எல்லாரும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இது மிர்சாபூர்ப் பட்டறையின் சிறு மேம்பாடு, மறுக்கலாம். இன்னொருவர் வருகிறார். நிறத்தை மூன்றாக உடைப்பதே பிழை, அதை உடையாத ஒரே எண்ணாகக் கொள்வேன் என்கிறார். 1843இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன் என்ற நான்கு உறுப்பு எண்ணுக்குள் மூன்று நிறங்களையும் அடக்கி, அந்த எண்ணிலேயே வலைப்பின்னலைக் கட்டுகிறார். ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகைய வலைப்பின்னல்களை உண்மையிலேயே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். வலைப்பின்னல் பழையது, ஹாமில்டனின் எண்ணும் பழையது, நிறப்படமும் பழையது. மூன்றையும் இணைத்தது வெளிப்படையா? அந்த ஆய்வுகளுக்குப் பிறகு கேட்டால் ஆம். அவற்றுக்கு முன் கேட்டிருந்தால் எத்தனை பேர் ஆம் என்றிருப்பார்கள்? விடை, கேட்கப்படும் ஆண்டைப் பொறுத்தது. ஆகவே இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று, வரலாற்றுக் கேள்வியும்கூட என்கிறோம்.

ஆண்டைப் போலவே ஆளும் முக்கியம். திருச்சியில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இன்று பெரிதும் சுருங்கிவிட்டது. கல்லின் நிறத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கும் கேமராவும் வலைப்பின்னலும் கொண்ட ஒரு கருவிக்கு ஒருவர் உரிமை கேட்பதாகக் கற்பனை செய்வோம். படக்கணக்கு அறிந்த பொறியாளருக்கு அது எளிது. ஆனால் எந்த வெளிச்சத்தில், எந்தச் சாய்வில் கல்லைப் பிடித்தால் உள்ளிருக்கும் நிறம் தெரியும் என்பது பட்டை தீட்டுபவரின் விரல்களுக்கே தெரியும். சட்டம் சொல்லும் 'தேர்ந்த ஒருவர்' இவ்விருவரில் யார்? கணினியாளரை மட்டும் அழைத்தால், கைவினைஞர் தலைமுறையாக அறிந்த ஒன்று புதுமையென்று வேறொருவர் பெயரில் பதிவாகிவிடும்.

முடிவு தெரிந்தபின் தொடக்கம் எளிதாகத் தெரிவது மனித இயல்பு. ராமன் விளைவைப் போன்ற ஒன்று நிகழ வேண்டும் என 1923இலேயே ஸ்மெக்கல் கணித்திருந்தார். 1928இல் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் படிகங்களில் அதையே கண்டார்கள். அதனால் ராமன் கண்டது வெளிப்படையாகிவிடுமா? இயற்கையின் விதியைக் கண்டறிவதற்குக் காப்புரிமை கிடையாது என்பதால் இக்கேள்வி சட்டத்தில் எழாது. ஆனால் அது கற்பிக்கும் பணிவு சட்டத்துக்கும் தேவை. பணிவு மட்டும் போதாது என்பதும் உண்மை. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காரின் மிதிகட்டையில் மின்னணு உணரியைப் பொருத்திய கேஎஸ்ஆர் வழக்கில், தேர்ந்த கைவினைஞர் ஒன்றும் எந்திரப் பொம்மையல்லர், தெரிந்தவற்றை இணைத்துப் பார்க்கும் கற்பனை அவருக்கும் உண்டு என்ற கருத்தை நிலைநாட்டியது. ஒருபுறம் பின்னறிவின் மயக்கம், மறுபுறம் எளிய இணைப்பையெல்லாம் கண்டுபிடிப்பென மதிக்கும் ஏமாளித்தனம். நடுவே நடக்க வேண்டியிருக்கிறது.

தவறினால் என்ன? தரக்கூடாததைத் தந்தால் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு ஒரு பொதுவழி அடைபடும். சிற்றூர்ப் பொறியியல் மாணவர் பாடநூலில் படித்ததை விற்பனைக்கு வரும் பொருளாக்க முடியாமல் போகும். தரவேண்டியதை மறுத்தால், எல்லாரும் மூன்றென்று எண்ணியபோது ஒன்றென்று எண்ணியவரின் உழைப்பு களவுபோகும். நம் சட்டம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கணித முறையையும், அல்காரிதத்தையும், வெறும் கணினி நிரலையும் விலக்கி ஒரு வேலி போட்டது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம், தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருப்பதோடு தேர்ந்தவருக்கு வெளிப்படையாகவும் இருக்கக்கூடாது என வரையறுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் இவ்வழக்குகளை உயர்நீதிமன்றங்களே கேட்கின்றன.

ஆயினும் நீதிபதிக்கு முன்பே பேச வேண்டியவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படுவதற்கு முன், எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்கிறது சட்டம். 'எவரும்' என்பதில் பட்டை தீட்டுபவரும் அடக்கம், மாணவரும் அடக்கம். இது முன்பே இருக்கிறது என்று சொல்ல, அறிந்தவர்கள் அவைக்கு வந்தாக வேண்டும்.

அரங்கேற்றக் கதையில் தடை எழுப்பிய புலவர்களை நாம் எப்போதும் வில்லன்களாகவே நினைத்திருக்கிறோம். அவர்கள் வான்மீகத்தை வரிவரியாக அறிந்தவர்கள். அவர்கள் எழுந்து கேட்டிராவிட்டால், கம்பர் சேர்த்தது எது என்பதே யாருக்கும் தெரிந்திராது. அடுத்தமுறை தாயார் சந்நிதிப் பக்கம் போகும்போது அந்த மண்டபத்தில் சற்று நின்று, பாடியவரோடு கேட்டவர்களையும் நினைத்துக்கொள்வோம்.