கடையைக் காலி செய்யும் முன்: வைப்புத்தொகையைக் காக்கும் துப்புரவு

மலேசியாவில் கடை வாடகைக்கு எடுப்போர் பொதுவாக 2 மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கட்டுகின்றனர். தோட்டத்தை விட்டு ஈப்போவில் கடை வைத்த சிறு வியாபாரிக்கு, அடுத்த கடைக்கு அதுவே முதல்.

3 ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆகவே, ஒப்பந்தப் பத்திரத்தில் உள்ளதே பேசும். சாயம் மங்குவது போன்ற இயல்பான தேய்மானத்தைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விலக்கிவிடும். சுவர்த் துளை, பெயர்ப்பலகை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை வாடகைக்கு இருந்தவர் பொறுப்பு.

உணவகமாயின் புகைபோக்கி, கால்வாய், எண்ணெய்க் கசடு தேங்கும் தொட்டி ஆகியவற்றை முதலில் கழுவ வேண்டும். பிறகு மின்சார, தண்ணீர்க் கட்டணங்களைத் தீர்த்து, மாநகர் மன்ற உரிமத்தை ரத்து செய்யலாம்.

உரிமையாளருடன் கடையைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, கையொப்பம் பெற்ற பின்னரே சாவியைக் கொடுப்பது நல்லது. கடை எடுத்த நாளின் படங்களும் கைவசம் இருந்தால் வாக்குவாதம் குறையும்.