கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் (குவீன்)

இங்கிலாந்தின் குவீன் ராக் குழு 1981 அக்டோபரில் வெளியிட்ட தொகுப்பு இசைத்தட்டு. ஈ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 17 பாடல்கள். பிரிட்டனில் இன்றுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம் இதுதான்.

குவீன் 1970-இல் லண்டனில் உருவானது. பாடகர் ஃபிரெடி மெர்குரி, கிதார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர் ஆகிய மூவருடன், பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் 1971-இல் வந்து சேர்ந்தார். அதன் பிறகு, மெர்குரி மறையும் வரை ஆள் மாறவே இல்லை. ஃபரோக் புல்சாரா என்ற இயற்பெயருடன் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த மெர்குரி, மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். பியானோ கற்றதும் முதல் இசைக்குழுவில் வாசித்ததும் அங்கேதான்.

1973-க்கும் 1980-க்கும் இடையில் குழு ஒன்பது ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டிருந்தது. பத்தாண்டு நிறைவை ஒட்டி, அதுவரை வெற்றி பெற்ற பாடல்களை ஒரே தட்டில் கொண்டுவரும் எண்ணம் பிறந்தது. தேர்வில் கண்டிப்பு இருந்தது. பிரிட்டிஷ் பதிப்பில் இடம்பெற்ற ஒவ்வொரு பாடலும், அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் நின்ற ஒரு சிறு இசைத்தட்டில் வந்தது. குழுவின் முதல் தனிப்பாடலான ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ 1973-இல் பட்டியலுக்குள் வரவே இல்லை. அதனால் இதிலும் இல்லை. முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாடலுமே சேரவில்லை. காலவரிசையில் மூத்தது, 1974-இல் வந்த ‘செவன் சீஸ் ஆஃப் ரை’.

தொடக்கப் பாடல் ‘போஹீமியன் ராப்சடி’. 1975-இல் வெளியாகி ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த இது, ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும். தொகுப்பு வெளிவரும்வரை பிரிட்டனில் குவீனுக்கு முதலிடம் பெற்றுத் தந்த ஒரே பாடல் இதுதான். ‘கில்லர் குவீன்’, ‘சம்படி டு லவ்’, ‘வி ஆர் தி சாம்பியன்ஸ்’, ‘கிரேசி லிட்டில் திங் கால்ட் லவ்’ நான்கும் இரண்டாம் இடத்தோடு நின்றன. அமெரிக்காவில் நிலைமை வேறு: ‘கிரேசி லிட்டில் திங்’, ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ இரண்டும் 1980-இல் அங்கே முதலிடம் பிடித்தன.

பாடல்களை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் குழுவின் உள்வரலாறு தெரியும். மெர்குரி எழுதியவை பத்து. மே ஐந்து, ‘வி வில் ராக் யூ’, ‘சேவ் மீ’ அவருடையவை. அதிகம் பேசாத டீக்கன் இரண்டுதான் எழுதினார். ஆனால் அவற்றில் ஒன்று ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’. டெய்லரின் பாடல் ஒன்றுகூட இல்லை. ‘போஹீமியன் ராப்சடி’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது டெய்லரின் பாடல் என்பதால், தட்டு விற்க விற்க அவருக்கும் மெர்குரிக்குச் சமமான உரிமத்தொகை கிடைத்தது. இது குழுவுக்குள் நெடுநாள் உரசலாக இருந்தது. 1984-இல் டெய்லர் எழுதிய ‘ரேடியோ கா கா’ பெருவெற்றி பெற்றது. 1989-இல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பம் முதல் எல்லாப் பாடல்களுக்கும் நால்வர் பெயரையும் சேர்த்தே போட முடிவு செய்தார்கள். ஒற்றுமைக்கு அது நல்ல முடிவு. என்றாலும், தனித்தனிக் கைகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட காலத்தின் செழிப்பு இந்த முதல் தொகுப்பில்தான் இருக்கிறது. ஓபரா, ராக்கபில்லி, டிஸ்கோ, மைதானமே சேர்ந்து கைதட்டும் கோஷப்பாட்டு என வகைகள் அடுத்தடுத்து வந்தும் கேட்பவர் தடுமாறாததற்கு அதுவே காரணம்.

அட்டையில் உள்ள குழுப்படத்தை எடுத்தவர் ஸ்னோடன் பிரபு. இளவரசி மார்கரெட்டின் முன்னாள் கணவரான அவர் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். ஆல்பத்துடன் ‘கிரேட்டஸ்ட் ஃப்ளிக்ஸ்’ என்ற காணொளித் தொகுப்பும் ‘கிரேட்டஸ்ட் பிக்ஸ்’ என்ற படப் புத்தகமும் வந்தன. எம்.டி.வி. இசைத் தொலைக்காட்சி தொடங்கிய அதே ஆண்டில், ஒரு குழுவின் பாடல் காட்சிகளை மட்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது துணிவான வேலை.

நாட்டுக்கு நாடு பாடல் வரிசை மாறியது. எலெக்ட்ரா நிறுவனத்தின் அமெரிக்கப் பதிப்பில் 14 பாடல்களே இருந்தன. பாடகர் டேவிட் போவியுடன் பாடிய ‘அண்டர் பிரஷர்’ அதில் சேர்ந்தது. ஜப்பானியப் பதிப்பில், ஜப்பானிய வரிகள் கலந்த ‘தியோ டோரியாட்டே’ இடம்பெற்றது.

பிரிட்டனில் ஆல்பம் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் விற்பனை நிற்கவே இல்லை. 1985 ஜூலை 13 அன்று வெம்பிளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் சுமார் இருபது நிமிடம் வாசித்த ஆறு பாடல்களில் நான்கு இந்தத் தொகுப்பில் உள்ளவை. 1991 அக்டோபரில் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த மாதம் 24-ஆம் தேதி மெர்குரி எய்ட்ஸ் நோயின் விளைவாக இறந்தார். மூன்றாம் தொகுப்பு 1999-இல் வந்தது. அது முதல் இரண்டின் தரத்துக்கு அருகில் வராது.

2004-இல் குவீனின் சிறந்த பாடல்களின் தொகுப்பு ஒன்றுக்கு ஈரான் அரசு அனுமதி அளித்தது. காதல் பாடல்கள் சில நீக்கப்பட்ட அந்தப் பதிப்பின் மூலம், அந்நாட்டில் அதிகாரபூர்வ ஒப்புதல் பெற்ற முதல் மேலைநாட்டு ராக் குழுவானது குவீன். பார்சியான மெர்குரியின் பாரசீக வேர்கள் அப்போது பேசப்பட்டன.

பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தை முந்தி, பிரிட்டனில் எக்காலத்திலும் மிக அதிகம் விற்ற ஆல்பம் என்று 2006-இல் இது அறிவிக்கப்பட்டது. 2014-இல் அங்கே 60 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பமும் இதுவே. 2022-இல், இணையவழிக் கேட்பையும் சேர்த்த கணக்கில், 70 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் ஆயிரம் வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது.

குவீனை முதன்முதலாகக் கேட்க விரும்புகிறவர்கள் 17 பாடல்கள் கொண்ட பிரிட்டிஷ் பதிப்பையே தேடி எடுத்து, வரிசை மாற்றாமல் கேட்பது நல்லது.