வில்லியர்ஸ் 9ஈ: ஓர் எளிய எஞ்சினின் பந்தய வரலாறு

பந்தய வரலாறு என்றதும் நாம் வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்களும் பெரு நிறுவனங்களின் பெருமைகளுமே. எந்த எஞ்சின் மலிவாகக் கிடைத்தது, அதை யார் எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்னும் கேள்விகளுக்கு அவ்வரலாற்றில் இடம் குறைவு. கோ-கார்ட் பந்தயத்தின் கதையை அந்தக் கேள்விகளின் வழியே அணுகுவதுதான் பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அது தொடங்கியதே மிச்சப் பொருளில்தான்.

1956இல் கலிபோர்னியாவில், பந்தயக் கார்களைக் கட்டும் கர்ட்டிஸ் கிராஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்ட் இங்கல்ஸ், தம் நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து இரும்புக் குழாய்களை வளைத்து முதல் கார்ட்டை உருவாக்கினார். அதில் அவர்கள் பொருத்தியது, புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட வெஸ்ட் பெண்ட் எஞ்சின். அதன் ஆற்றல் இரண்டரைக் குதிரைத் திறன் மட்டுமே. 1959இல் மெக்கல்லக் நிறுவனம், மரம் அறுக்கும் சங்கிலி வாளின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, எம்சி-10 என்னும் கார்ட் எஞ்சினை வெளியிட்டது.

அதே காலத்தில், பிரிட்டனிலிருந்த அமெரிக்க விமானப்படைத் தளங்களின் வழியாக இவ்விளையாட்டு அந்நாட்டில் பரவியது. அங்கே பலரின் பார்வை மோட்டார் சைக்கிள் எஞ்சின் மீது விழுந்தது. காரணம் எளிது. வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த வில்லியர்ஸ் நிறுவனம் செய்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களையே ஜேம்ஸ், ஃபிரான்சிஸ்-பார்னெட், கிரீவ்ஸ் எனப் பல சிறு மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் வாங்கிப் பொருத்திவந்தன. எனவே பழைய வண்டி விற்கும் இடங்களில் எல்லாம் அது கிடைத்தது. கியர்ப்பெட்டியுடன் கூடிய 200 சிசி பிரிவில் வில்லியர்ஸ் 9ஈ ஆட்சி செலுத்தலாயிற்று. அதன் கொள்ளளவு 197 சிசி. ஆற்றல் ஏறத்தாழ 8.4 குதிரைத் திறன்.

கைக்குக் கிடைத்த எஞ்சின் அப்படியே பொருந்திவிடுவதில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 65 செ.மீ. விட்டமுடையது, கார்ட்டின் சக்கரமோ 28 செ.மீ. அளவே. முன்னது ஒரு சுற்றில் இரண்டு மீட்டர் கடக்கையில் பின்னது 90 சென்டிமீட்டர்கூடக் கடப்பதில்லை. பழைய பல்சக்கரங்களையே வைத்துக்கொண்டால் எஞ்சின் கதறும், வண்டி நகராது. ஆகவே செயின் பல்சக்கரங்களின் விகிதத்தைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே ஒவ்வொரு தடத்தின் நீளத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப ஓரிரு பற்களைக் கூட்டிக் குறைக்கும் நுட்பம் தொடங்குகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவையானது. வளைவில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து திரும்புகிறது. எரிபொருள் மீது செயல்படும் விசைகளின் கூட்டுவிளைவு ஏறக்குறைய வண்டியின் நடுக்கோட்டிலேயே அமைவதால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஒருபுறமாக ஒதுங்குவதில்லை. கார்ட் சாய்வதே இல்லை. பெட்ரோல் பக்கவாட்டில் ஒதுங்கி, எஞ்சின் நடுவளைவில் திணறும். எந்தக் கோணத்திலும் மரம் அறுக்கும்படி சவ்வு வைத்த கார்புரேட்டருடன் பிறந்த சங்கிலி வாள் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் டூ-ஸ்ட்ரோக் ஒரு வகையில் கைகொடுத்தது. எண்ணெய் பெட்ரோலோடே கலந்து செல்வதால், அடியில் தேங்கி ஒதுங்குவதற்கு எண்ணெய்த் தொட்டி என ஒன்று அதற்குத் தேவையில்லை.

மூன்றாவது, வெப்பம். வண்டியின் முன்னால் எதிர்காற்றில் குளிர்ந்துவந்த வார்ப்பிரும்பு உருளை, இப்போது தரையை ஒட்டி, ஓட்டுநரின் உடலருகே வந்து அமர்ந்தது. அதனால் வெப்பத்தை விரைந்து கடத்தும் அலுமினிய உருளைகளைப் பலரும் நாடினர்.

இதற்கிடையில் கிழக்கு ஜெர்மனியில், எம்இசட் நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடென், சைலன்ஸர் குழாயையே ஆற்றல் தரும் உறுப்பாக மாற்றிக்கொண்டிருந்தார். விரிந்து பின் குவியும் அக்குழாயில் எழும் அழுத்த அலை, முதலில் எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றுகிறது. பின்னர் திரும்பி வந்து, தப்பியோட முனையும் புதுக்கலவையை உருளைக்குள் தள்ளுகிறது. 1961இல் எம்இசட்டின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத் திறனை எட்டியது, லிட்டருக்கு 200. வில்லியர்ஸோ லிட்டருக்கு 43 அளவில் நின்றது. அவ்வாண்டே எர்ன்ஸ்ட் டெக்னர் என்னும் ஓட்டுநர் மேற்குக்குத் தப்பிச் சென்று, அந்த அறிவைச் சுசூகிக்குக் கொண்டு சேர்த்தார். பின்னர் அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. இத்தகைய குழாய் குறுகியதொரு சுழற்சி வேக எல்லைக்குள்தான் பயன் தரும். அந்த எல்லைக்குள் எஞ்சினை நிறுத்திவைக்கக் கியர்ப்பெட்டி இன்றியமையாதது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் தேர்ந்தவர்களின் முடிவு இவ்விடத்தில்தான் முழுப் பொருள் பெறுகிறது.

ஆனால் வேகம் வந்த இடத்தில் செலவும் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் புல்டாகோ எஞ்சின்கள் அதே பிரிவில் நுழைந்தபோது, பந்தய எஞ்சினாகவே வளர்க்கப்பட்டதற்கும் வேலைக்குச் செல்வோரின் வண்டியிலிருந்து கழற்றப்பட்டதற்கும் இடையிலான தூரம் வெளிப்பட்டது. எவ்வித வரம்புமின்றி விட்டால் பணமுள்ளவரே ஓட்டலாம் என்றாகிவிடும். வில்லியர்ஸ் வழிவந்த எஞ்சின்களுக்கு, பின்னாளில் 210 என்று அறியப்பட்ட தனிப்பிரிவு நிலைத்தமை இதனால்தான் முக்கியமானது. விளையாட்டு யாருக்கு உரியது என்பதை விதி நூலின் கொள்ளளவு வரியும் தீர்மானிக்கிறது.

வில்லியர்ஸ் எஞ்சின் நமக்கும் அயலானதன்று. 1960களில் சென்னை என்ஃபீல்டு செய்த 'ஷெர்பா' மோட்டார் சைக்கிளில் இருந்தது அதே குடும்பத்தின் 173 சிசி எஞ்சின்தான்.

1965இல் வில்லியர்ஸ் நிறுவனம் கைமாறி, மறு ஆண்டு நார்ட்டனோடு இணைந்தது. அத்தசாப்தத்தின் முடிவுக்குள் பிற நிறுவனங்களுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வழங்குவதும் ஓய்ந்தது. அதன் பிறகும் கார்ட் தடங்களில் அதன் வழித்தோன்றல்கள் ஓடின. உருளை, பிஸ்டன், சைலன்ஸர், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக மாறிய எஞ்சினில் வில்லியர்ஸ் என எஞ்சியது எவ்வளவு என்று கேட்கலாம். தொழிற்சாலை கைவிட்ட பிறகு அதைத் தொடர்ந்து எழுதியவர்கள் பட்டறைக்காரர்கள். அவர்களில் பலரின் பெயரை எந்த வரலாறும் குறித்து வைக்கவில்லை.