ஸ்பானர் யார் காசில்?

நியூயார்க்கில் கிரைஸ்லர் கட்டடம் 1930-ல் திறக்கப்பட்டபோது உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். மறுவருடமே எம்பயர் ஸ்டேட் கட்டடம் அந்தப் பெருமையைத் தட்டிப் பறித்துவிட்டது என்பது வேறு கதை. 71-வது மாடியில் பார்வையாளர்களுக்காக ஒரு கூடம் இருந்தது. ஊரையே மேலிருந்து பார்க்கப் போனவர்களுக்கு அங்கே காட்சிக்கு வைத்திருந்த பொருள் என்ன தெரியுமா? ஒரு பழைய டூல்ஸ் பெட்டி!

கார் கம்பெனி முதலாளி வால்டர் கிரைஸ்லருடைய சொந்தப் பெட்டி அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எல்லிஸ் என்ற சின்ன ஊரில், ரயில்வே பட்டறையில் தொழில் பழகும் பையனாக இருந்த காலத்தில் அதிலிருந்த கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டார். அப்புறம் 1908-ல், கையிருப்பு 700 டாலரோடு 4,300 டாலர் கடன் வாங்கி 5,000 டாலருக்கு ஒரு லோகோமொபைல் கார் வாங்கினார். வாங்கியதும் ஓட்டவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

இந்தப் பெட்டியைப் பார்த்து "எளிமையின் சின்னம்" என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வணிகவியல் கண்ணோடு பார்த்தால் வேறொரு கேள்வி வருகிறது. ரயில்வே கம்பெனியின் எஞ்சினை ரிப்பேர் செய்ய, கூலிக்கு வேலை பார்க்கும் பையன் ஏன் தன் சொந்தக் கருவியைக் கொண்டுவர வேண்டும்?

அதுதான் அந்தக் காலத்து வழக்கம். தச்சர் உளியோடு வருவார், கொத்தனார் கரண்டியோடு வருவார். கருவி தொழிலாளியின் சொத்து, அதுதான் அவருடைய மரியாதையும். நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1908-ம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-வது பிரிவு. கடன்காரர் கோர்ட்டுக்குப் போய் ஜப்தி உத்தரவு வாங்கி வந்தாலும், கைவினைஞரின் தொழில் கருவிகளில் கை வைக்க முடியாது. (பிசினஸ் லா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்!)

அமெரிக்காவில் கார் ரிப்பேர் என்ற புதுத் தொழில் வந்தபோது இந்தப் பழைய வழக்கம் அப்படியே அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியைத் தூக்கும் லிஃப்ட், கம்ப்ரசர் எல்லாம் முதலாளியுடையவை. ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல் எல்லாம் மெக்கானிக்குடையவை. இன்றைக்கும் அங்கே பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் இதே கதைதான்.

தச்சருக்கும் கார் மெக்கானிக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு நல்ல உளி வாங்கினால் தேக்கோ வேம்போ, எதையும் செதுக்கலாம். போன வருடத்து மரத்துக்கு ஒரு உளி, இந்த வருடத்து மரத்துக்கு வேறொரு உளி என்று யாரும் கேட்பதில்லை. கார் அப்படியா? புது மாடல் வந்தால் போல்ட் வேறு இடத்துக்குப் போய்விடும், கை நுழையாத சந்தில் ஒரு நட்டு ஒளிந்துகொள்ளும். அதற்காகவே வளைத்த ஒரு ஸ்பானர் வேண்டும். 1970-களில் அமெரிக்க கார்கள் மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியபோது இங்கிலீஷ் அளவு ஸ்பானர் செட் முழுவதையும் வைத்திருந்தவர்கள் மில்லிமீட்டரில் இன்னொரு முழு செட் வாங்க வேண்டியிருந்தது. ஒரே வண்டியில் இரண்டு அளவும் கலந்து வந்த கொடுமையும் உண்டு.

இந்த "ஒரு வேலைக்கு ஒரு கருவி" என்ற தலைவலியில்தான் ஒரு பெரிய வியாபாரம் பிறந்தது.

அந்தக் காலத்து பாக்ஸ் ஸ்பானரில் பெரும்பாலும் கைப்பிடியும் சாக்கெட்டும் ஒரே துண்டு. பத்து அளவு நட்டு, ஐந்து விதமான கைப்பிடி தேவை என்றால் ஐம்பது கருவி வாங்கியாக வேண்டும். மில்வாக்கி நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஜோசப் ஜான்சன், பத்து சாக்கெட்டைத் தனியாகவும் ஐந்து கைப்பிடியைத் தனியாகவும் செய்து மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாமே என்றார். மாற்றும் சாக்கெட்டுகள் அதற்கு முன்பே சந்தையில் உண்டு, ஆனால் தொழில்முறை மெக்கானிக்குக்கு ஏற்ற உறுதியோடு செய்ய முடியும் என்று அவர் நம்பினார். கம்பெனி வேண்டாம் என்றது. உடன் வேலை பார்த்த வில்லியம் சைட்மனோடு சேர்ந்து 1920-ல் 'ஸ்னாப்-ஆன் ரெஞ்ச்' கம்பெனியைத் தொடங்கினார். "ஐந்து கருவி ஐம்பதின் வேலையைச் செய்யும்" என்பது அவர்கள் விளம்பரம். 5 பெருக்கல் 10, கணக்கு சரிதானே!

கையில் மாதிரி செட்டை எடுத்துக்கொண்டு இரண்டு விற்பனையாளர்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஊர் ஊராகப் போனார்கள். 500-க்கும் மேற்பட்ட ஆர்டர்களோடு திரும்பினார்கள். அவர்கள் கதவைத் தட்டியது மொத்த வியாபாரியிடம் அல்ல. வேலை நடக்கும் இடத்துக்கே போய், கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் கண்ணெதிரே மாட்டிக் காட்டினார்கள். வாங்குபவர் யார் என்று சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி இது இன்னும் ஒரு படி போனது. விற்பனையாளர்கள் சரக்கை வேனிலேயே ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் வேன் பட்டறை வாசலில் வந்து நிற்கும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறுவார். புதுக் கருவியை எடுப்பார், இந்த வாரத் தவணையைக் கொடுப்பார், அடுத்த வாரம் மீதி. நம் ஊர் தண்டல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே ஏற்பாடு! வேன்காரரின் சின்னக் கணக்குக்குப் பெரும்பாலும் வட்டி இல்லை. ஆளுயரப் பெட்டி மாதிரி பெரிய சாமான் வாங்கினால் கம்பெனியே வட்டிக்குக் கடன் தரும். உடைந்த ஸ்பானரை வேனில் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்பது கூடுதல் கவர்ச்சி. மேக், மேட்கோ என்று போட்டியாளர்களும் இதே வழியில் வந்தார்கள்.

இதில் மெக்கானிக்குக்கு லாபமா நஷ்டமா? இரண்டும்தான். நல்ல கருவி இருந்தால் இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடியும். அங்கே பல பட்டறைகளில் வேலைக்கு இவ்வளவு மணி என்று நிர்ணயித்துத்தான் கூலி, ஆகவே சீக்கிரம் முடித்தால் பணம். ஆனால் வருடத்தில் இரண்டு முறை மட்டும் வரும் வேலைக்கு ஒரு புல்லர் வாங்கினால்? ஒரு தடவைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். வாங்காவிட்டால் அந்த வேலை பக்கத்து மெக்கானிக்குக்குப் போகும். காஸ்ட் அக்கவுண்டிங் தெரியாத எத்தனையோ பேர் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். சில சமயம் தப்பாகவும் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களிலேயே கருவிக் கடனில் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் அங்கே அபூர்வமல்ல.

வேன் விலை கட்டாதவர்களுக்கு சியர்ஸ் கடையின் 'கிராஃப்ட்ஸ்மேன்' கருவிகள் இருந்தன. இங்கே ஒரு கிளைக்கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயதுப் பையன், 1963-ல், ராட்செட்டிலிருந்து சாக்கெட்டை ஒற்றைக் கையால் பொத்தானை அழுத்திக் கழற்றும் அமைப்பு ஒன்றைச் செய்தார். எண்ணெய் படிந்த கையோடு சாக்கெட்டைப் பிடுங்கப் போராடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சியர்ஸ் அதைச் சோதித்துப் பார்த்தது, பெரிய மதிப்பில்லை என்ற எண்ணத்தை அவருக்கு உண்டாக்கியது, ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட், அதிகபட்சம் 10,000 டாலர் என்று 1965-ல் காப்புரிமையை எழுதி வாங்கியது. 10,000 டாலர் என்றால் 5 லட்சம் ராட்செட். அது விற்றுத் தீர ஒன்பது மாதம்தான் ஆயிற்று! 1975 வரை விற்றது 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். ராபர்ட்ஸ் 1969-ல் வழக்குப் போட்டார். 1977-ல் ஜூரி 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, காப்புரிமையும் திரும்பக் கிடைத்தது. அதன் பேரில் இன்னொரு வழக்கு நடந்து, 1989-ல் சமரசமாக முடிந்தபோது அவர் நாற்பதைத் தாண்டிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கருவிச் செலவு தொழிலாளி தலையில் என்றால், சட்டம் என்ன சொன்னது? கலிபோர்னியாவில் ஒரு விதி இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்காவது சம்பளம் கொடுத்தால்தான், தொழிலுக்கு வழக்கமான கைக்கருவிகளைத் தொழிலாளியே கொண்டுவரும்படி முதலாளி சொல்ல முடியும். இல்லாவிட்டால் முதலாளிதான் வாங்கித் தர வேண்டும். நியாயமான விதி. வருமான வரியில் கதை தலைகீழ். சம்பளம் வாங்கும் மெக்கானிக் தன் கருவிச் செலவில் ஒரு பகுதியைக் கழித்துக் காட்ட அமெரிக்க மத்திய அரசு இடம் கொடுத்திருந்தது. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை 2018 முதல் எடுத்துவிட்டது. அதே ஸ்பானரைப் பட்டறை முதலாளி வாங்கினால் தொழில் செலவு, கழிவு உண்டு. மெக்கானிக் வாங்கினால் ஒன்றும் இல்லை! பக்கத்து நாடான கனடாவிலோ பயிற்சியில் இருக்கும் வாகன மெக்கானிக்குகளுக்கு 2002 முதலே கருவிக்கென்று தனிக் கழிவு இருக்கிறது.

இதுவரை சொன்னது காசு இருந்தால் வாங்கக்கூடிய கருவிகளைப் பற்றி. காசு இருந்தாலும் கிடைக்காத கருவி என்று இன்னொரு வகை உண்டு. கார் கம்பெனிகள் தங்கள் குறிப்பிட்ட எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் பொருந்தும் புல்லர்களையும் பிடிப்பான்களையும் தனியாகச் செய்யவைத்தன. ஜெனரல் மோட்டார்ஸுக்கு கென்ட்-மூர், பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு சர்ச்சில். பழைய ஒர்க்‌ஷாப் மேனுவலைப் புரட்டினால் "இன்ன எண் கருவியால் கழற்றவும்" என்று போட்டிருக்கும். அந்தக் கருவி அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் இருக்கும். தெருவோரப் பட்டறைக்காரர் பழைய இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, தானே ஒன்றைச் செய்துகொள்வார். எல்லிஸ் ரயில்வே பட்டறைப் பையன் செய்ததும் அதுதானே.

இரும்பு இருந்தவரை அது நடந்தது. காருக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகு, கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவியை வெல்டிங் வைத்துச் செய்ய முடியவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பிலேயே, ரிப்பேருக்கான தகவலும் கருவியும் வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்.

இந்தியாவிலும் இது வந்தது. உதிரி பாகங்கள், ரிப்பேர் மேனுவல்கள், கோளாறு கண்டறியும் கருவிகள் ஆகியவற்றை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சுதந்திரமாகத் தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கு இவற்றைக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதிசெய்தது, அபராதத் தொகையை மட்டும் குறைத்தது. மொத்த விற்றுமுதலில் 2 சதவீதம் என்று ஆணையம் போட்ட கணக்கு, விற்பனைக்குப் பிந்தைய வியாபாரத்தில் மட்டும் 2 சதவீதம் என்று ஆனது.